எது வேண்டும் என்று கேட்ட திரை

எனக்கு வாய் நீளம். கடமலைக்குண்டில் யாரைக் கேட்டாலும் இதைத் தயங்காமல் சொல்வார்கள், என் வீட்டுக்காரர் முதல் ஆளாகச் சொல்வார். ஆனால் அவ்வளவு நீள வாயிலும் ஒரு வார்த்தை மட்டும் வெகுகாலம் வந்ததில்லை. 'தெரியாது' என்பதுதான் அந்த வார்த்தை. அதைச் சொல்லாமல் விட்டதால் நடந்த ஒரு காரியத்தையும், பன்னிரண்டு பதிமூன்று வருஷம் கழித்து அதைச் சரிசெய்ய நான் பட்ட பாட்டையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, உரக்கடையை ஒட்டி என் கடை. ஜெராக்ஸ், சான்றிதழ் விண்ணப்பம், தேர்வு முடிவு, டைப்பிங், அதோடு கம்ப்யூட்டர் ரிப்பேர். தேனியில் ஆறு மாதம் படித்த ஒரு கோர்ஸும், தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்த சர்டிபிகேட்டும்தான் என் கையிலிருந்த மொத்தப் படிப்பு. அதை வைத்துக்கொண்டு வருசநாடு வரைக்கும் 'கம்ப்யூட்டர் அக்கா' என்று பெயர் வாங்கிவிட்டேன். பெயர் வாங்கியபின் எதையாவது தெரியாது என்று சொல்வது லேசான காரியமில்லை. அதுவும் ஒரு பொம்பளை கடை வைத்து, 'இவளுக்கு என்ன தெரியும்' என்று ஆண்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஊரில்.

அரசாங்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுத்த முதல் வருஷம் அது. விழா முடிந்த மறுநாள் காலையில் கடையைத் திறக்கிறேன், வாசலில் பன்னிரண்டாம் வகுப்பே நிற்கிறது. ஆளுக்கொரு கறுப்புப் பை. எல்லாருக்கும் ஒரே சந்தேகம்தான். லேப்டாப்பைத் திறந்து பட்டனை அமுக்கியதும், படம் வருவதற்கு முன்னால் கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்து நிற்கிறது. ஒன்று, எல்லாருக்கும் தெரிந்த விண்டோஸ். மற்றது லினக்ஸ். எது வேண்டும் என்று மிஷின் கேட்கிறது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பத்து எண்ணி முடித்து அதுவே ஒன்றைத் திறந்துகொள்கிறது.

"அக்கா, இந்த ரெண்டாவது என்னக்கா?" என்று முன்னால் நின்ற ஒரு பெண் கேட்டாள்.

லினக்ஸ் என்ற பெயரை அந்தத் தேனி கோர்ஸில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வரியில் கேட்டிருக்கிறேன். யாருக்கும் சொந்தமில்லாதது, எல்லாரும் சேர்ந்து எழுதுவது, காசு கொடுக்காமல் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னதாக ஞாபகம். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். என்னைச் சுற்றி இருபது பிள்ளைகள் நின்றார்கள். உரக்கடைக்காரர் வேறு கணக்கு எழுதுவதை விட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது ஆபீஸ்காரகளுக்கு உள்ளது. உங்களுக்கு வேண்டாம். சும்மா எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கும், வைரஸ் வந்தாலும் வரும்," என்றேன். வைரஸ் என்ற சொல்லை எதற்குச் சேர்த்தேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சோற்றுக்கு உப்புப் போடுகிற மாதிரி கை தானாகப் போட்டுவிட்டது.

"அப்ப எடுத்து விட்ருங்கக்கா."

எடுத்துவிட்டேன். அன்றைக்கு மட்டும் ஏழோ எட்டோ. அடுத்தடுத்த வருஷங்களில் இன்னும் எத்தனையோ. சீனியர்கள் ஜூனியர்களிடம் சொல்லி அனுப்பினார்கள்: லேப்டாப் கிடைத்ததும் கம்ப்யூட்டர் அக்காவிடம் போய் ரெண்டாவதை அழித்துவிடு, படம் ஏற்ற இடம் கிடைக்கும். அது ஒரு சடங்கு மாதிரியே ஆகிப்போனது. அழித்து முடித்து, அந்த இடத்தைப் பக்கத்து டிரைவோடு சேர்த்துவிட்டு, அடிப்பக்கத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி என் கையாலேயே தேதி போடுவேன். யார் கையில் வேலை நடந்தது என்று தெரிய வேண்டுமல்லவா? அவ்வளவு பெருமை.

போன கோடையில், இலவம்பஞ்சு வெடித்துப் பறக்கிற சமயம், ஒரு பெண் வந்தாள். எங்கள் பக்கத்தில் அந்த இரண்டு மாதமும் பஞ்சு போகாத இடமில்லை, சாம்பார்ச் சட்டியிலும் கிடக்கும். கம்ப்யூட்டரின் காற்றாடியில் போய் அடைத்துக்கொள்ளும். சூடு தாங்காமல் மிஷின் நின்றுபோகும். எனக்கு அதுதான் சீசன்.

முப்பது வயசு இருக்கும். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, தோளில் அந்தக் காலத்துக் கறுப்புப் பை. மேகமலை எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து, சித்தி வீட்டில் தங்கி இங்கே பள்ளிக்கூடம் படித்து, இதே ஊரில் வாழ்க்கைப்பட்டவள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். முகம் எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. பார்க்காத முகம் எது இந்த ஊரில்?

"அக்கா, இது திறக்கவே அரை மணி நேரம் ஆகுது. எப்பிடியாச்சும் சரி பண்ணிக் குடுங்க. எனக்கு ஒரு வேலை வந்திருக்கு."

வேலை என்னவென்றால், பேசிப் பதிவுசெய்த தமிழைக் காதில் கேட்டு அப்படியே டைப் அடித்துக் கொடுப்பது. வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஒரு கம்பெனி அவளைப் போனில் கூப்பிட்டுப் பேசி, ஒரு வாரம் வேலை செய்து காட்டச் சொல்லியிருக்கிறது. பிடித்தால் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த திங்கட்கிழமை தொடங்க வேண்டும். அன்றைக்கு வியாழன்.

"இது இல்லன்னா?" என்று கேட்டேன்.

"திரும்ப மேல போகணும்க்கா. அம்மாவோட ஏலக்கா எடுக்க. பிள்ளைய அத்தகிட்ட விட்டுட்டு வாரம் ஒரு தடவ வந்து பாக்கணும்." குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். "எனக்கு அது கேவலமில்லக்கா. ஆனா இவள விட்டுட்டுப் போக முடியாது."

அவளுக்கு என்ன வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. குழந்தையும் வேலையும் ஒரே வீட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு அந்த லேப்டாப் ஓட வேண்டும்.

திருப்புளி எடுத்துத் திறந்தேன். காற்றாடியில் ஒரு சின்ன தலையணைக்கு ஆகிற அளவு பஞ்சு. குறடால் பிடித்து இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. குழந்தை கை தட்டிச் சிரித்தது. நானும் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மூடிப் பட்டனை அமுக்கினால், சூடு குறைந்திருந்தது, வேகம் வரவில்லை. உள்ளே இருந்த விண்டோஸ் அது பிறந்த காலத்தது. அதன் பிரவுசரும் பழசு. கம்பெனி கொடுத்திருந்த பக்கத்தைத் திறந்தால், புதிய பிரவுசரில் வா என்று சொல்லி வெளியே தள்ளியது. புதிய பிரவுசரோ இந்தப் பழைய விண்டோஸில் ஏற மறுத்தது. புது விண்டோஸுக்கு இந்த மிஷினின் திராணி போதாது. சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றோம்.

"இதுல இனி ஒண்ணும் ஓடாதும்மா. ஆயுசு முடிஞ்சுபோச்சு," என்றேன். தெரியாது என்ற வார்த்தைக்குப் பதிலாக நான் சொல்லிப் பழகிய வார்த்தை அது.

அவள் அழவில்லை. லேப்டாப்பை மூடி, பையில் வைப்பதற்காகத் தலைகீழாகத் திருப்பினாள். அடிப்பக்கத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். ஓரம் கறுத்து, நடுவில் வெளிறி, ஆனாலும் தேதி தெரிந்தது. என் கையெழுத்து. முதல் வருஷத்து முதல் நாள்.

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன், பிடிபட்டுவிட்டது. இருபது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, 'இந்த ரெண்டாவது என்னக்கா' என்று கேட்டவள் இவள்தான்.

"இரு இரு," என்றேன். "வச்சுட்டுப் போ. ஞாயித்துக்கிழமை வா. பாத்துச் சொல்றேன்."

"ஓடாதுன்னு சொன்னீகளேக்கா?"

"வச்சுட்டுப் போன்னா வச்சுட்டுப் போயேன்!" என்று கத்திவிட்டேன். எனக்குக் குற்ற உணர்ச்சி வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். பாவம், பயந்துபோய் வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஜெராக்ஸ் மட்டும்தான். விண்ணப்பம் பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, லினக்ஸ் என்றால் என்ன என்று பன்னிரண்டு வருஷம் தாமதமாகப் படிக்க உட்கார்ந்தேன். முதலில் தெரிந்த விஷயமே தலையைச் சுற்ற வைத்தது. லினக்ஸ் ஒன்றல்ல. நூற்றுக்கணக்கில் இருக்கிறது. அடிப்படை ஒன்றுதான், மேலே கட்டிய வீடுகள் வேறு வேறு. புதினா பெயரில் ஒன்று. பாடம் படிப்பவர்களுக்கு ஒன்று. படமே இல்லாமல் வெறும் கறுப்புத் திரையில் எழுத்தாக மட்டும் ஓடுவது ஒன்று. லினக்ஸ் இல்லாமல் அதன் பங்காளி மாதிரி பி.எஸ்.டி. என்று வேறு ஒரு குடும்பம். எது நல்லது என்று கேட்டு யாரோ போட்ட கேள்விக்குக் கீழே பத்துப் பேர் பத்துப் பதில் சொல்லி, பதினோராவது ஆள் வந்து பத்துப் பேரையும் திட்டியிருந்தார். எங்கள் ஊர் டீக்கடையில் தேர்தல் பேசுகிற மாதிரியே இருந்தது. அதனாலோ என்னவோ கொஞ்சம் பயம் தெளிந்தது.

இன்னொரு நல்ல விஷயமும் தெரிந்தது. பென் டிரைவில் ஏற்றி, மிஷினில் இருப்பது எதையும் தொடாமல் ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் உள்ளே போடலாம், பிடிக்காவிட்டால் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டால் போதும், பழையபடி இருக்கும். அதாவது, அன்றைக்கு அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நானும் ஐந்து நிமிஷம் திறந்து பார்த்திருக்கலாம். எதுவும் கெட்டுப்போயிருக்காது.

முதலில் என் கடை மிஷினில் போட்டுப் பார்த்தேன். நான் சாப்பிடாததை அவளுக்குப் பரிமாறக் கூடாது என்று ஒரு வைராக்கியம். சனிக்கிழமை முழுக்க அதில்தான் கடை நடந்தது. பிரிண்டர், செருகிய உடனே தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வேலை செய்தது. விண்டோஸில் அதற்கு நான் ஒரு சிடி வைத்திருந்தேன், அந்த சிடியைத் தொலைத்துவிட்டு இரண்டு நாள் அலைந்த கதையும் உண்டு. ஸ்கேனர் மட்டும் முறுக்கிக்கொண்டது. மத்தியானம் ஒரு பெரியவர் பட்டா எடுக்க வந்து, திரையைப் பார்த்துவிட்டு, "என்ன தாயி, டிவி மாத்திட்டியா?" என்றார். பட்டா வந்தது. அவருக்கு அது போதும்.

சோறு கொண்டுவந்த என் வீட்டுக்காரர், பஞ்சு மூட்டை ஏற்றிய சட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சநேரம் பார்த்தார்.

"ஓசியில குடுக்குறாகன்னா என்னமோ இருக்கும்டி," என்றார்.

"நம்ம வீட்டு வாசல்ல நீங்க வச்ச வேம்பு நெழல்ல எத்தன பேரு உக்காந்து எந்திரிக்கிறாக? காசா வாங்குறீக?"

"அது மரம்."

"இதுவும் அப்பிடித்தான் வச்சுக்கங்க. ஆளாளுக்குத் தண்ணி ஊத்தி வளத்திருக்காக." பெரிய பேச்சாகப் பேசிவிட்டேனே தவிர, எனக்கும் முழுசாக நம்பிக்கை இல்லை. அவர் அரைமனதாகத் தலையாட்டிவிட்டுப் போனார். போகும்போது என் காற்றாடிமேல் இரண்டு துண்டு பஞ்சை உதிர்த்துவிட்டும் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வந்தாள். குழந்தையை மாமியாரிடம் விட்டிருந்தாள். மேகமலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. மூன்று பென் டிரைவ்களை மேஜையில் வரிசையாக வைத்தேன்.

"இது மூணும் மூணு விதம். ஒண்ணொண்ணா ஓட்டுவோம். எது ஒனக்குத் தோதோ அத நீ சொல்லு," என்றேன்.

"எனக்கு என்னக்கா தெரியும்? நீங்களே சொல்லுங்க."

"எனக்கும் தெரியாது."

சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. உரக்கடைக்காரர் தன்பாட்டுக்கு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவள்தான் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

முதலாவது பார்க்க வெகு அழகு. ஜன்னல்கள் மிதந்து வந்தன. எனக்கு அதுதான் பிடித்திருந்தது, விண்டோஸ் மாதிரியே இருந்ததால் பழக லேசு என்று வாதாடினேன். ஆனால் பிரவுசரைத் திறந்ததும் அந்தச் சின்ன மிஷினுக்கு மூச்சு வாங்கியது. இரண்டாவது வேகம், ஆனால் எதைத் தொட்டாலும் கட்டளையாக டைப் அடிக்கச் சொன்னது. மூன்றாவது அலங்காரம் ஒன்றுமில்லாதது. சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, நாலு படம். அழுது வடிகிறதே என்று எனக்கு முகம் சுளித்தது. அவள் பிரவுசரைத் திறந்தாள். இரண்டு நிமிஷத்துக்குள் பிரவுசர் வந்துவிட்டது. மூடித் திறந்தாள். மறுபடி வந்தது.

"இதுதான்க்கா," என்றாள்.

"பாக்க ஒண்ணுமில்லையே?"

"நான் பாக்கப் போறதில்லக்கா. கேக்கத்தான போறேன்."

அதற்குமேல் நான் வாதாடவில்லை.

அப்புறம் வந்தது வினை. வைஃபை எடுக்கவில்லை. அந்த லேப்டாப்பின் வைஃபைக்கு ஒரு சின்ன மென்பொருள் தேவை, அதை நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும். நான் தலையில் கை வைத்தேன். அவள் தன் போனை சார்ஜர் வயரால் லேப்டாப்பில் செருகி, போனில் எதையோ தட்டினாள். மூலையில் நெட் வந்துவிட்டதாக ஒரு குறி எழுந்தது.

"எஸ்டேட்டுல டவர் எடுக்காதுக்கா. ஒரு பாறை மேல போன வச்சுட்டு வயர இழுத்துட்டு வந்துதான் சித்தப்பா மகன் பரீட்சை எழுதுனான். அவென்தான் காட்டுனான்."

மென்பொருள் இறங்கியது. வைஃபை வந்தது. வெளியே தள்ளிய கம்பெனிப் பக்கமும் இந்தத் தடவை திறந்தது. தமிழ் விசைப்பலகைப் பட்டியலைத் திறந்தோம். நாலைந்து விதம் இருந்தன. அதில் பழைய டைப்ரைட்டர் முறையும் இருந்ததைப் பார்த்து எனக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது. அவளும் லோயர் பாஸ் செய்தவள். விரல்கள் மறக்கவில்லை. குழந்தையின் பெயரை அடித்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே போட ஆரம்பித்தபோது ஒரு கேள்வி வந்தது. பழையதை அழித்துவிட்டு இதை மட்டும் போடவா, இரண்டையும் வைக்கவா? என் கை பழக்கதோஷத்தில் 'அழி' என்பதை நோக்கிப் போயிற்று. நல்லவேளையாக இழுத்துக்கொண்டேன்.

"நீ சொல்லு," என்றேன். "அதுல ஒன் போட்டோ, பாட்டு எல்லாம் இருக்கு. கொஞ்ச எடம் இதுக்கு ஒதுக்கினாப் போதும். ரெண்டும் இருக்கலாம். இல்ல, அழிச்சாலும் சரி."

"ரெண்டும் இருக்கட்டும்க்கா."

படங்களைப் பத்திரமாக இன்னொரு இடத்தில் நகல் எடுத்துக்கொண்டு ஆரம்பித்தோம். முக்கால்வாசி ஆனபோது மலையில் இடி இடித்தது, கரண்ட் போயிற்று. லேப்டாப்பின் பேட்டரி செத்து வருஷக்கணக்காகிறது. ஆனால் கடை யு.பி.எஸ்ஸில் மாட்டியிருந்தோம், அது பீப் பீப் என்று கத்திக்கொண்டே தாங்கியது. மின்விசிறி இல்லை, விளக்கு இல்லை, மழை சாய்வாக உள்ளே அடிக்கிறது. நான் குடையை லேப்டாப்புக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபது நிமிஷம் தாங்குமா தாங்காதா என்று இரண்டு பேரும் மூச்சு விடாமல் அந்த நீலப் பட்டை நகர்வதைப் பார்த்தோம். நகர்ந்து முடிந்தது. மிஷின் தானாக அணைந்து, தானாக எழுந்தது.

கறுப்புத் திரை. இரண்டு வரி. எது வேண்டும்?

நான் அதை அழித்த எத்தனையோ மிஷின்களுக்குப் பிறகு, முதல்முறையாக அது திரும்பி வந்து நிற்பதைப் பார்த்தேன்.

"அக்கா," என்றாள். குரல் மாறியிருந்தது. "இதேதான் அன்னிக்கும் கேட்டுச்சு. நீங்கதான் பதில் சொன்னீக."

அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது. ஸ்டிக்கரை அவள் தினமும் பார்ப்பவள்தானே. என்னிடமே திரும்பி வந்தாள் என்றால் வேறு கடை இல்லாததால்தான்.

குடையைக் கீழே வைத்தேன். "அன்னிக்கு எனக்கு அது என்னன்னே தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு அழிச்சு விட்டேன். வைரஸ்னு வேற பொய் சொன்னேன். என்னையத் திட்டணும்னாத் திட்டு."

மழை கொஞ்சம் விட்டது. "காலேஜுல கம்ப்யூட்டர்தான் எடுத்தேன்," என்றாள். "உத்தமபாளையத்துல. லேபுல எல்லா மிஷினுலயும் இதான். வாரத்துல ஒரு மணி நேரம் உக்காருவோம். வீட்டுல வச்சுப் பழகுனவுக வெளுத்து வாங்குனாக. எங்கிட்ட இல்ல. வைரஸுன்னு பயந்து திரும்பப் போடவும் இல்ல. அந்த ஒரு பேப்பர் நின்னுபோச்சு. அப்புறம் கல்யாணம்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவில்லை. நான் சொன்ன ஒரு பொய் உத்தமபாளையம் வரை போய் ஒரு பரீட்சைத் தாளில் உட்கார்ந்திருக்கிறது. மற்ற பிள்ளைகள் எங்கெங்கே என்னென்ன தவறவிட்டார்களோ, யார் கண்டது.

"சாரமில்லக்கா," என்றாள் அவள். பரவாயில்லை என்று அர்த்தம். எஸ்டேட்டில் மலையாளத்துக்காரர்களோடு ஏலக்காய் எடுத்து வளர்ந்தவர்கள் வாயில் அந்தச் சொல் தானாக வரும். "நானும் கேட்டதோட விட்டுட்டேன். திறந்து பாத்திருக்கலாம்." அப்புறம் சிரித்தாள். "ஆனா நீங்க அன்னிக்கு வைரஸுன்னு சொன்ன மொகத்தப் பாத்தா யாருக்கும் தைரியம் வராது."

பத்து எண்ணி முடிவதற்குள் அவளே விசையை அமுக்கினாள்.

திங்கட்கிழமை முதல் அவள் என் கடையில்தான் வேலை செய்தாள். மழை வந்தால் வீட்டில் கரண்ட் போய்விடும், அந்த ஒரு வாரம் மட்டுமாவது யு.பி.எஸ் பக்கம் இருப்போம் என்று நான்தான் சொன்னேன். மூலையில் சுவரைப் பார்த்து நாற்காலி. காதில் ஹெட்செட். குழந்தை என் மேஜைக்கடியில் வீணான ஜெராக்ஸ் தாள்களைக் கிழித்துக்கொண்டிருக்கும். யாராவது சத்தமாகப் பேசினால் நான் விரலை உதட்டில் வைப்பேன். வாய் நீளமானவள் ஊரையே வாயை மூடச் சொல்கிறாளே என்று உரக்கடைக்காரர் சிரித்தார்.

எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஹெட்செட்டின் மைக் எடுக்கவில்லை, கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டால் இவள் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை. நானும் அவளும் பட்டியல்களைத் திறந்து திறந்து மூடினோம். கடைசியில், கேள்வி கேட்டால் பதில் சொல்கிற ஒரு தளத்தில் அவளே தட்டுத்தடுமாறி எழுதிப் போட்டாள். எந்த ஊர்க்காரரோ, முகம் தெரியாத ஒருவர், அரை மணி நேரத்தில் ஒரே ஒரு வரி அனுப்பினார். அதை அப்படியே அடித்ததும் மைக் வேலை செய்தது. நன்றி சொல்ல என்ன எழுதுவது என்று இரண்டு பேரும் வெகுநேரம் யோசித்து, கடைசியில் தமிழிலேயே எழுதிவிட்டோம்.

அந்த வாரம் என் கடை மிஷினையும் முழுசாக மாற்றிவிட்டேன். முறுக்கிக்கொண்டிருந்த ஸ்கேனரும் வியாழக்கிழமை வழிக்கு வந்தது. பழைய விண்டோஸ் ஒரு மூலையில் இருக்கிறது, சில அரசாங்கப் படிவங்களுக்கு மட்டும் அதைத் திறக்கிறேன். மற்ற நேரமெல்லாம் இதுதான். மெதுவாக இருக்கிறதே, நடுவில் நிற்கிறதே என்று யாராவது லேப்டாப்பைக் கொண்டுவந்தால் பென் டிரைவைச் செருகி முதலில் காட்டுகிறேன். வேண்டாம் என்பவர்களும் உண்டு. அவர்கள் இஷ்டம்.

சனிக்கிழமை மாலை, அவள் ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தாள். போனைப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள். எடுத்துக்கொண்டார்கள். அடுத்த திங்கள் முதல் நிரந்தரம் என்று எழுதியிருந்தது. நான் இரண்டு தடவை படித்தேன். மேஜைக்கடியிலிருந்து குழந்தையை இழுத்துத் தூக்கிக்கொண்டு அவள் முகத்தை அதன் வயிற்றில் புதைத்துக்கொண்டாள். குழந்தை கூசிச் சிரித்தது. நான் உரக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டேன்.

லேப்டாப்பை மூடி எடுத்துவைக்கும்போது அவளிடம் கேட்டேன்: "அந்தப் பழச இனி நீ தொறக்கவே போறதில்ல. எடம் வேணும்னா அழிச்சு விடவா?"

கேட்டு முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்து யோசித்தாள்.

"வேண்டாம்க்கா. ரெண்டும் கெடக்கட்டும். இவ வளந்து தொறக்கையில, எது வேணும்னு இவகிட்டயும் அது ஒரு தடவ கேக்கட்டும்."

லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள். என் மேஜை டிராயரைத் தானே திறந்து ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை எடுத்தாள், பழையதின் பக்கத்தில் ஒட்டினாள். என் பேனாவைக் கேட்டு வாங்கி, அன்றைய தேதியைத் தன் கையாலேயே எழுதினாள்.